ரோண்டா அத்தை இரண்டு முறை அழித்து வரைந்த பாறைமுனை

எங்கள் ஊருக்குக் கோடையில் வருகிறவர்கள் ரோண்டா அத்தையின் படங்களைப் பார்த்துவிட்டு ஒரே மாதிரிதான் பேசுவார்கள். "எவ்வளவு அமைதி! இதை வரைஞ்சவங்களுக்குக் கவலையே இருக்காது போல." அத்தை படங்களை விற்கும் கடையின் ஓரத்தில் நின்று தலையாட்டுவாள். அப்போதும் அவள் கண் வாசலில்தான் இருக்கும். யாராவது நாயோடு உள்ளே வந்துவிடுவார்களோ என்று.

அத்தைக்கு நாய் பயம். பாலம் பயம். மரக்கட்டை ஏற்றிவரும் லாரி பயம், இடி பயம், மருத்துவமனை வாசனை பயம். எல்லாவற்றையும் விட உறைந்த ஏரி பயம். சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும் என்று நினைப்பீர்கள். ஒன்றும் நடக்கவில்லை. அப்பாவிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். "பொறந்ததுல இருந்தே அப்படித்தான். தொட்டில்லயே கம்பியப் பிடிச்சிட்டுத்தான் தூங்குவாள்னு எங்கம்மா சொல்லும்" என்றார். அப்பா அவளுக்கு இரண்டு வயது இளையவர்.

அப்படிப்பட்டவள் ஏன் குளிர்காலம் முழுக்க சுப்பீரியர் ஏரியின் பனிமேல் போய் நின்று படம் வரைகிறாள் என்பதுதான் எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது. ஒருமுறை கேட்டேன்.

"கரையைத் தண்ணிப் பக்கம் இருந்து பாக்கணும் ஷெல்பி. அங்கருந்து பாத்தாத்தான் நம்ம ஊர் மலை முழுசா தெரியும். படகுல போயும் பாக்கலாம். ஆனா எனக்குப் படகுன்னா இன்னும் பயம்."

"பயமா இருந்தா கைல தூரிகை எப்படி நிக்குது?"

"கோடு போட ஆரம்பிச்சா மத்தது மறந்துடும்."

அவ்வளவுதான் சொன்னாள். பெரிய விளக்கமெல்லாம் அவளுக்கு வராது.

அத்தை பதினெட்டு வயதில் மினியாபொலிஸ் நகரத்துக்கு ஓவியக் கல்லூரிக்குப் போனாள். அங்கே ஒரு ஆசிரியர், மலையும் மரமும் காலண்டருக்குத்தான் லாயக்கு என்று எல்லோர் முன்னாலும் சொன்னாராம். அத்தை சண்டை போடவில்லை. அவருக்கும் பயந்தாள். படிப்பை முடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பி, பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலையில் சேர்ந்தாள். லாரிக்குப் பயந்தவள் பேருந்து ஓட்டினால் எப்படி இருக்கும்? நாங்கள் அதை ஆமை என்று கூப்பிடுவோம். பனிக்காலத்தில் எங்கள் வண்டி போய்ச் சேரும்போது முதல் வகுப்பு பாதி முடிந்திருக்கும். ஆனால் அத்தை ஓட்டிய காலம் முழுவதும் அந்த வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, முடிந்தும் போனது. வண்டி நிறுத்தும் கொட்டகையில் விறகு அடுப்பு வைத்து அங்கேயே வரைந்தாள். இருபது வருடங்களாக அவள் அதிகம் வரைந்தது கார்ட்டர் முனையைத்தான். எங்கள் விரிகுடாவின் வடக்கே ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்புப் பாறை அது. அதற்கும் அப்பால், ஒரு சின்னத் தீவில், கலங்கரை விளக்கம்.

கோடையில் சுற்றுலா வருகிறவர்களுக்கு அத்தை வகுப்பு எடுப்பாள். எல்லா வகுப்பிலும் ஒரே பேச்சு. "வெளிச்சம் ஓடும், மேகம் ஓடும், அதுங்க பின்னாடி ஓடாதீங்க. நிலம் மட்டும்தான் நகராது. முதல்ல நிலத்தப் போடுங்க. அப்புறம் பாக்கும்போது நிலம் பொருந்தலைன்னா, நிலத்து மேல தப்பு இல்ல. நீங்க போட்ட கோடு தப்பு. வெக்கப்படாம அழிச்சிட்டுப் போடுங்க."

போன மார்ச் மாதம் நடந்ததைச் சொல்ல இது தெரிந்திருக்க வேண்டும்.

அன்று காலை பனி நல்ல தடிமனாக இருந்தது. அப்பாவும் பக்கத்து வீட்டு வெய்ன் மாமாவும் நானும் மீன் பிடிக்கப் போனோம். அத்தையும் கூட வந்தாள். பனிமேல் அவள் தனியாகப் போகவே மாட்டாள். நாங்கள் போகும் நாட்களில்தான் வருவாள். இரண்டு பனிவண்டிகள், பின்னால் சாமான் ஏற்றிய நீளமான பிளாஸ்டிக் சறுக்குப் பலகை. அத்தை அந்தப் பலகையில் சாமான்களோடு உட்கார்ந்து கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வந்தாள்.

"ரோண்டா, மூச்சாவது விடு!" என்று வெய்ன் மாமா கத்தினார்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு வெய்ன்!"

"இங்க ரோடு எங்க இருக்கு?"

"அதத்தான் நானும் சொல்றேன்!"

எங்கள் மீன்பிடிக் குடிசை கரையிலிருந்து ஒரு மைலுக்கு மேல் தள்ளி இருந்தது. ஒட்டுப்பலகையில் செய்த சின்ன அறை. ஜன்னல் கிடையாது. உள்ளே இருட்டாக இருந்தால்தான் துளைக்குள் தண்ணீர் பச்சையாக ஒளிர்ந்து தெரியும். அப்பா பனியில் துளைகளைப் போட்டு, வாயு அடுப்பை மூட்டி, கதவைச் சாத்திக்கொண்டார்.

அத்தை வெளியே வெகுநேரம் அங்கும் இங்கும் நடந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். இரண்டு அடி இடப்பக்கம் போவாள், ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள், மறுபடி வலப்பக்கம் வருவாள். பிறகு ஒரு இடத்தில் முக்காலியைப் போட்டு, மூன்று கால் வைத்த ஓவியப் பெட்டியைத் திறந்தாள். வண்ணக் குழாய்கள் விறைத்துப் போகாமல் இருக்க அவற்றைக் கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்திருப்பாள். காற்று கரைப்பக்கமிருந்து வந்தது. அத்தை அதற்கு முதுகைக் காட்டி, வடக்கே முனையைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு வெளியே நடந்தது அத்தை எனக்குப் பின்னால் சொன்னது.

முதலில் மண்ணிற வண்ணத்தில் மெல்லிய கோடுகள் போட்டாள். வலப்பக்கம் கார்ட்டர் முனை. அதற்கு இடப்பக்கம், கொஞ்சம் வானம் விட்டு, கலங்கரை விளக்கம். பிறகு குனிந்து வண்ணம் கலக்க ஆரம்பித்தாள். குளிரில் அதற்கு நேரம் பிடிக்கும். நிமிர்ந்து பார்த்தபோது முனையும் கலங்கரை விளக்கமும் ஒட்டிக்கொண்டு நின்றன. அவள் வரைந்த பலகையிலோ அவற்றுக்கு நடுவே விரல் அகலத்துக்கு இடம் இருந்தது.

'இத்தனை வருஷமா வரையறோம், இதுகூடத் தப்பாப் போட்டுட்டோமே' என்று நினைத்திருக்கிறாள். கத்தியால் விளக்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, முனையோடு ஒட்டினாற்போல் மறுபடி வரைந்தாள். வானத்துக்குப் போனாள். பனியின் நிழலுக்கு நீலம் கலந்தாள். திரும்ப நிமிர்ந்தபோது விளக்கத்தின் பாதி முனைக்குப் பின்னால் போயிருந்தது.

மறுபடி சுரண்டினாள். அழித்துப் போட வெட்கப்படக் கூடாது அல்லவா? முனையை இடப்பக்கம் கொஞ்சம் நீட்டினாள். கத்தி கையில் இருக்கும்போதே அவளுக்கு ஒன்று உறைத்தது. இரண்டு பொருள்களின் ஓரம் தொட்டுக்கொண்டு நிற்பதுபோல் தெரியும் இடத்தில் அவள் உட்காரவே மாட்டாள். படத்தில் அது கண்ணை உறுத்தும். அந்த இடைவெளிக்காகத்தான் காலையில் அவ்வளவு நேரம் நடந்து இடம் தேடியிருந்தாள். அவளுடைய முதல் கோடு சரி.

அப்படியென்றால் நகர்ந்தது எது?

அவள் திரும்பிக் கரையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்று சொன்னாள். நேராகக் குடிசைக்கு ஓடி வந்தாள்.

கதவைப் பிடுங்குவதுபோல் திறந்ததும் எங்களுக்குக் கண் கூசியது.

"டேல், வெளிய வா. பனி நகருது."

அப்பா திரும்பக்கூட இல்லை. "ம்."

"டேல்! முனை இடம் மாறிடுச்சுடா."

வெய்ன் மாமா இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டியைக் கடித்துக்கொண்டே சிரித்தார். "மாறியிருக்கும் ரோண்டா. நீ வருஷா வருஷம் அதையே வரையறியே, அலுத்துப் போய் எந்திரிச்சுப் போயிருக்கும்."

"வெளையாடாத வெய்ன். கலங்கரை விளக்கம் முனைக்குப் பின்னால போயிடுச்சு."

"படத்தக் கொண்டா, பாப்போம்" என்றார் அப்பா.

அத்தையின் முகம் அப்போது எப்படி ஆனது என்று என்னால் மறக்க முடியவில்லை. "அழிச்சிட்டேன்" என்றாள்.

"என்னது?"

"என் தப்புன்னு நெனச்சு ரெண்டு தடவ அழிச்சிட்டேன். இப்பப் பாத்தா படம் சரியாத்தான் இருக்கும்."

வெய்ன் மாமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "படம் சரியா இருக்கு, அதனால பனி நகருது. நல்ல கணக்கு!"

அப்பா பொறுமையாகப் பேசினார். அத்தை பனியில் சத்தம் கேட்டது, விரிசல் தெரிந்தது என்று எத்தனையோ தடவை ஓடி வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அப்பா எழுந்துபோய்ப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று வந்திருக்கிறார். "கதவச் சாத்து ரோண்டா. காப்பி குடி. குளிர்ல உனக்குக் கை ஆடியிருக்கும்."

அத்தை கதவைச் சாத்தவில்லை. வாசலிலேயே நின்றாள். அழுதுவிடுவாள் போல இருந்தது.

நான் அப்பாவின் தூண்டில் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எப்போதும் தூண்டிலை ஏரியின் அடித்தரையில் தட்டவிட்டு, பிறகு கொஞ்சம் தூக்கி ஆட்டுவார். அன்று காலையில் தரை தட்டியது. பிறகு தட்டவில்லை. "நீரோட்டம் இழுக்குது" என்று முணுமுணுத்துக்கொண்டு கயிறு விட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி விட்டார்.

"அப்பா, இப்பத் தரை தட்டுதா?" என்று கேட்டேன்.

அப்பா கயிற்றைத் தளரவிட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. உருளை சுற்றிச் சுற்றி, கயிறு தீர்ந்து, முடிச்சு தெரிந்தது. அப்போதும் தரை தட்டவில்லை.

வெய்ன் மாமா வாயில் இருந்த பாஸ்டியை மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

"எல்லாரும் வெளிய" என்றார் அப்பா.

வெளியே எல்லாம் காலையில் இருந்தபடியே இருந்தது. அதுதான் பயங்கரம். பனி ஆடவில்லை. விரிசல் இல்லை. ஊர் அங்கேயே இருந்தது, தேவாலயக் கோபுரம் தெரிந்தது, யார் வீட்டிலோ புகை போனது. கரைக்கும் எங்களுக்கும் நடுவே மட்டும் ஒரு கறுப்புக் கோடு. தூரத்தில் பார்க்கும்போது பென்சில் கோடு மாதிரிதான் இருந்தது. பனிவண்டியில் பக்கத்தில் போனபோது அது ஒரு தெரு அகலம். தண்ணீரிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது.

வெய்ன் மாமா அவசர உதவிக்கு போன் போட்டார். சிக்னல் விட்டு விட்டு வந்தது. "ஆமா, நாலு பேரு... இல்ல, பனி முழுசா உடைஞ்சு போய்ட்டிருக்கு... ஹலோ? ஹலோ?" விசிறி வைத்த மீட்புப் படகு பக்கத்து ஊரிலிருந்து வர வேண்டும் என்று தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று கேட்பதற்குள் போன் அறுந்தது.

"வடக்க போலாம். எங்கயாவது குறுகலா இருக்கும்" என்றார் அப்பா.

விரிசலை ஒட்டியே போனோம். அத்தை என் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவள் பற்கள் அடித்துக்கொள்வது என் முதுகில் தெரிந்தது. முனைக்கு நேராக வந்தபோது ஒரு இடத்தில் இடைவெளி குறைந்து, நடுவில் உடைந்த பனித்துண்டுகள் மிதந்தன. அப்பா சறுக்குப் பலகையிலிருந்த சாமான்களைக் கொட்டிவிட்டு, முன்னும் பின்னும் கயிறு கட்டினார்.

பலகையை அந்தப் பக்கமிருந்து இழுப்பதற்காக வெய்ன் மாமா துண்டுகள்மேல் கால் வைத்துத் தாவினார். கடைசித் துண்டு அமிழ்ந்து இடுப்புவரை உள்ளே போனார். கையிலிருந்த பனி ஆணிகளைக் குத்தி எப்படியோ மேலே ஏறினார். ஆனால் அதற்குப் பிறகு அவரால் எதையும் இழுக்க முடியவில்லை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

"அந்தப் பக்கம் பலமா ஒருத்தன் வேணும்" என்று சொல்லி அப்பா பலகையில் குப்புறப் படுத்து, கையால் தண்ணீரைத் தள்ளியே போனார். நாங்கள் பின்கயிற்றைப் பிடித்துக்கொண்டோம். அவர் ஏறியதும் பலகையை எங்கள் பக்கம் இழுத்தோம்.

"ரோண்டா, வா!" என்றார்.

அத்தை பலகையைப் பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள். "புள்ள போகட்டும்."

"அத்தை, நீங்க போங்க. நான் கடைசியா வர்றேன்."

"ஷெல்பி, என்னோட பேசாத. எனக்கு இப்பக் கால் வராது. நீ போனாத்தான் எனக்குக் கால் வரும். போ."

நான் படுத்துக்கொண்டேன். முகத்துக்குக் கீழே கறுப்பாகத் தண்ணீர் போனது. அப்பா ஒரே இழுப்பாக இழுத்தார். நான் அந்தப் பக்கம் முழங்கால் ஊன்றித் திரும்பியபோது அத்தை பின்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். பலகை பாதித் தூரம் போயிருந்தது. அப்போது அவள் நின்ற ஓரம் உடைந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. தட்டு உடைவது மாதிரி ஒரு சத்தம். அத்தை கயிற்றை விட்டுவிட்டு, விழுந்து, தவழ்ந்து பின்னால் போனாள். பலகையில் இப்போது எங்கள் பக்கக் கயிறு மட்டும்தான். பலகையை எங்கள் பக்கம் இழுத்து, கயிற்றின் நுனியை அவளிடம் எறிந்து பார்த்தோம். முதல் தடவை அவளுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தது. இரண்டாம் தடவை இன்னும் முன்னால் விழுந்தது. அவள் போய்க்கொண்டிருந்தாள்.

"ஓரத்துல நிக்காத! நடுவுக்குப் போ! படுத்துக்கோ!" அப்பா கத்தினார்.

அப்போதுதான் பனிப்பொழிவு வந்தது. மலைக்கு மேலிருந்து ஒரு திரை இறங்கி வருவது தெரிந்தது. முதலில் குடிசை மறைந்தது. பிறகு பனிவண்டிகள். பிறகு அத்தையின் சிவப்புத் தொப்பி கொஞ்ச நேரம் தெரிந்து, அதுவும் போனது. எங்களுக்கு முன்னால் வெள்ளை மட்டும் இருந்தது.

"ரோண்டா! பேசிட்டே இரு! சத்தம் கேட்டாத்தான் படகுக்கு வழி சொல்ல முடியும்!"

"என்ன பேசறது?" வெள்ளைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏதாவது! என்னைத் திட்டு!"

பிறகு ஆரம்பித்தாள். "கதவச் சாத்துன்னியேடா! காப்பி குடின்னியே!"

"ஆமா! இன்னும்!"

"கை ஆடுதுன்னியே! என் கை என்னிக்குடா ஆடிச்சு? என் சைக்கிள எடுத்துட்டுப் போய் ஆத்துல விட்டவன்தானே நீ! இல்லவே இல்லன்னு அம்மா மேல சத்தியம் பண்ணியே!"

"நான்தான்! நான்தான் எடுத்தேன்! இன்னும் சொல்லு!"

"என் கல்யாணத்துக்குக் குடிச்சிட்டு வந்தே!"

"அந்தக் கல்யாணத்துக்கு யாராலயும் குடிக்காம வர முடியாது ரோண்டா!"

அப்பா சிரிப்பதுபோல் கத்தினார். கன்னத்தில் நீர் உறைந்துகொண்டிருந்தது. நான் வெய்ன் மாமாவை என் கோட்டால் மூடி அணைத்தபடி அந்தக் குரலையே கேட்டுக்கொண்டிருந்தேன். அது வலப்பக்கம் நகர்ந்தது. ஒரு சொல் வந்தது, அடுத்த சொல் வரவில்லை. காற்றா அவளா என்று தெரியாத சத்தங்கள் வந்தன. பிறகு எதுவும் வரவில்லை.

"ரோண்டா!"

அப்பா கைகளை வாயருகே குவித்து மறுபடி கத்தினார்.

"ரோண்டா, சைக்கிள்! சைக்கிளப் பத்திச் சொல்லு!"

அப்பா ஓரத்திலேயே அங்கும் இங்கும் ஓடினார். நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவரும் உள்ளே விழுந்துவிடுவார் என்று பயமாக இருந்தது. விசிறிப் படகின் இரைச்சல் தெற்கிலிருந்து வந்தபோது அவர் அதைக் கவனிக்கவே இல்லை, அத்தையின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். படகில் இருந்தவர்களிடம் நான்தான் கையைக் காட்டினேன். கடைசியாகக் குரல் வந்த பக்கம். அந்தப் பக்கம்தானா என்று எனக்கே உறுதியாகத் தெரியாது.

படகு வெள்ளைக்குள் போனது. இரைச்சல் தேய்ந்து நின்றது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்கிறார்கள் என்று புரிந்தது. நாங்களும் மூச்சை அடக்கினோம். இயந்திரம் மறுபடி கிளம்பியது. மறுபடி நின்றது. மறுபடி கிளம்பியது.

அவளைக் கொண்டுவந்தபோது கம்பளிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. தொண்டை கட்டிப்போய் வாய் மட்டும் அசைந்தது. எங்களுக்குக் குரல் கேட்காமல் போன பிறகும் அவள் திட்டிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். அப்பா அவள் தலையைப் பிடித்துக்கொண்டு பனியில் உட்கார்ந்துவிட்டார். குடிசையும் வண்டிகளும் ஓவியப் பெட்டியும் ஏரியோடு போயின.

இரண்டு விரல் நுனிகளில் அத்தைக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. இடது கைதான். ஜூன் மாதம் அவள் கொட்டகைக்குப் போயிருந்தேன். சுவர் அளவுக்கு ஒரு துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தாள். கார்ட்டர் முனை அதில் இருந்தது, ஆனால் நாங்கள் நின்ற பக்கத்திலிருந்து. அவள் அங்கிருந்து எதையும் பார்த்ததில்லை. நடுவில் பெரிய இடம் காலியாக இருந்தது.

"நீ அங்க நின்னியே ஷெல்பி. தண்ணி என்ன நிறம்? கறுப்பா, பச்சையா?"

யோசித்தேன். "தெரியல அத்தை."

"பனித் திரை எந்தப் பக்கமா வந்துச்சு? முனைய முதல்ல மறைச்சுதா?"

"தெரியல. நான் உங்களையேதான் பாத்துட்டிருந்தேன்."

அத்தை கரித்துண்டை மேசையில் வைத்தாள். வெளியே ஏதோ லாரி போனது, அவள் தோள் தூக்கிப்போட்டது, அது போகும்வரை காத்திருந்தாள்.

"நான் எப்படித் தெரிஞ்சேன்?"

"சின்னதா" என்றேன். "ரொம்பச் சின்னதா."